வெற்றுத் தாளில் தனிம அட்டவணை: அணுவிலிருந்து தொடங்கி நீங்களே வரையும் வழி

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் எதிரே உட்கார்ந்து முதல் 20 தனிமங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று கால்சியம் வரை ஒரு இடத்திலும் தடங்கவில்லை. "சரிம்மா, பொட்டாசியம் ஏன் சோடியத்துக்கு நேர் கீழே இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புக்ல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. அட்டவணையை முழுதாக அச்சடித்த படமாகவே பிள்ளைகளிடம் நீட்டுகிறோம். அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று யாரும் வரைந்து காட்டுவதில்லை.

அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் இருவருமாக அட்டவணையை முதலிலிருந்து வரைந்தோம். அதே வழியை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எலக்ட்ரான்களை எண்ணி உட்கார வைக்கத் தெரிந்தால் போதும், அட்டவணை தானே தாளில் வந்து நிற்கும். மனப்பாடத்துக்கு வேலை மிகக் குறைவு. இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

ஒரு ஏ4 தாள், பென்சில், ஸ்கேல், ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். தாளைக் குறுக்குவாட்டில் வையுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றில்லை. ஐந்தாம் படிக்கு மட்டும் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள்.

முதல் படி: அணுவுக்குள் யார் எங்கே

அணுவுக்குள் மூன்று வகைத் துகள்கள். நடுவே அணுக்கரு, அதற்குள் நேர்மின்சுமை உள்ள புரோட்டான்களும் மின்சுமை இல்லாத நியூட்ரான்களும். கருவைச் சுற்றி எதிர்மின்சுமை உள்ள எலக்ட்ரான்கள். புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே எடை. எலக்ட்ரானோ புரோட்டானின் எடையில் சுமார் 1836-இல் ஒரு பங்குதான். ஆகவே அணுவின் எடை முழுக்கக் கருவில், இடம் முழுக்க எலக்ட்ரான்களிடம். இந்த ஒரு வரியை நன்றாக மனதில் வையுங்கள்.

இலங்கைப் பாடநூலில் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் புத்தகத்தின் இலத்திரன், புரோத்தன், நியூத்திரன்தான் இங்கே எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான். மூலகம் இங்கே தனிமம். கூட்டம் இங்கே தொகுதி, ஆவர்த்தனம் இங்கே வரிசை.

கரு எவ்வளவு சின்னது? ஒரு தங்க அணுவை எடுத்துக்கொள்வோம். அதன் கருவை ஒரு மிளகு அளவுக்குப் பெரிதாக்கினால், அணுவின் விட்டம் 100 மீட்டரைத் தொடும். கிரிக்கெட் மைதானத்தின் நடுவே ஒரு மிளகை வைத்துவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் நடந்துபோங்கள். நடுவில் இருக்கும் அவ்வளவு வெளியிலும் எலக்ட்ரான்களைத் தவிர எதுவும் கிடையாது.

இதைக் கண்டுபிடித்த சோதனையும் தங்கத்தில்தான் நடந்தது. 1909-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டெனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் நேர்மின்சுமை உள்ள ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். பெரும்பாலானவை தகடே இல்லாததுபோல் நேராகப் போய்விட்டன. ஆயிரக்கணக்கில் ஒன்றோ இரண்டோ மட்டும் வந்த வழியே திரும்பின. நேர்மின்சுமை முழுவதும் நடுவில் ஒரு சிறு புள்ளியில் திரண்டிருந்தால்தான் அப்படித் திரும்ப முடியும் என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு விளக்கினார். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் 1897-லேயே கண்டிருந்தார். நியூட்ரானைச் சாட்விக் பிடித்தது 1932-இல்தான். மின்சுமை இல்லாததைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம்.

இரண்டாம் படி: புரோட்டான் எண்ணிக்கைதான் தனிமத்தின் பெயர்

ஒரு அணு எந்தத் தனிமம் என்பதைத் தீர்மானிப்பது அதன் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றே. அதுதான் அணு எண். 6 புரோட்டான் என்றால் கார்பன், 11 என்றால் சோடியம், 79 என்றால் தங்கம். எலக்ட்ரான் ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ தனிமம் மாறாது. சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தாலும் சோடியம்தான், இப்போது அது சோடியம் அயனி. புரோட்டான் ஒன்று மாறினால் தனிமமே வேறு.

நியூட்ரான் எண்ணிக்கை மாறினால் தனிமம் அப்படியே இருக்கும், எடை மாறும். இப்படி வருகிற அண்ணன் தம்பிகள்தான் ஐசோடோப்புகள். கார்பனில் பெரும்பாலானவற்றுக்கு 6 புரோட்டான், 6 நியூட்ரான். மிகச் சிலவற்றுக்கு மட்டும் 6 புரோட்டான், 8 நியூட்ரான். அது கார்பன்-14, நிலையில்லாதது. சுமார் 5,730 ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து புதிதாக எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டுண்ட நாளிலிருந்து இருப்பு குறையத் தொடங்கும். கீழடியில் எடுத்த கரித்துண்டுகளில் மிச்சமிருந்த கார்பன்-14-ஐ அளந்துதான் அந்த ஊரின் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோனார்கள். இரண்டு நியூட்ரான் கூடுதலாக இருந்ததால் நமக்குக் கிடைத்த வரலாறு அது.

இங்கே பிள்ளைகள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையில் குளோரினின் அணு நிறை 35.45 என்று போட்டிருக்கும். "அரை நியூட்ரான் எப்படி சார் இருக்கும்?" என்பார்கள். இருக்காது. இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்களில் சுமார் 76 விழுக்காட்டுக்கு நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை) 35, மீதி 24 விழுக்காட்டுக்கு 37. 35-ஐ 0.76-ஆலும் 37-ஐ 0.24-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 35.48 வருகிறது. துல்லியமான எடைகளைப் போட்டால் 35.45. தனி அணு எதுவும் அந்த எடையில் கிடையாது, அது சராசரி. நியூட்ரான் எண்ணிக்கை வேண்டுமென்றால் நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழியுங்கள்: 35-இல் 17 போனால் 18.

மூன்றாம் படி: எலக்ட்ரான்களை உட்கார வைத்தல்

இனி அட்டவணைக்கு நியூட்ரான் தேவையில்லை, அதை ஓரமாக வைத்துவிடலாம். வேதியியல் முழுக்க எலக்ட்ரான்களின் விவகாரம்.

எலக்ட்ரான்கள் கண்ட இடத்தில் இருப்பதில்லை. அவற்றுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்கள் உண்டு, அவற்றைக் கூடுகள் என்கிறோம். உள்ளிருந்து வெளியே கே, எல், எம், என் கூடுகள், அல்லது 1, 2, 3, 4. ஒரு கூட்டின் கொள்ளளவு கண்டுபிடிக்க, அதன் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வருவதை இரட்டியுங்கள். 1-க்கு 2, 2-க்கு 8, 3-க்கு 18, 4-க்கு 32. புத்தகத்தில் கூடுகளை வட்டமாக வரைந்திருப்பார்கள். எண்ணுவதற்கு அந்தப் படம் உதவும். ஆனால் எலக்ட்ரான் உண்மையில் கோள் சூரியனைச் சுற்றுவதுபோல் ஒரு தடத்தில் ஓடுவதில்லை. ஒரு மேகம்போல் பரவி இருக்கிறது. கூட்டை ஒரு படிக்கட்டின் படியாக நினைத்துக்கொள்ளுங்கள். படியில் நிற்கலாம், இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க முடியாது.

இந்தப் படிக்கட்டை உங்கள் சமையலறையில் பார்க்கலாம். உப்புப் போட்ட சாம்பார் பொங்கி வழியும்போது கேஸ் அடுப்பின் நீலச் சுடரைக் கவனியுங்கள். சட்டென்று பளீர் மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் செய்யும் வேலை அது. சுடரின் சூட்டில் சோடியம் அணுவின் கடைசி எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறி, மறுகணமே பழைய இடத்துக்கு விழுகிறது. விழும்போது விடும் ஆற்றல்தான் அந்த மஞ்சள். ஏறி விழும் உயரம் மாறுவதில்லை, ஆகவே அந்த மஞ்சளும் மாறுவதில்லை: அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். தெருக்களில் இருந்த பழைய சோடியம் விளக்கின் மஞ்சளும் இதேதான். அணுவின் ஆற்றல் மட்டங்களைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இப்போது தாளின் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். ஹைட்ரஜன்: 1. ஹீலியம்: 2, முதல் கூடு நிரம்பியது. லித்தியம்: 2, 1. பெரிலியம்: 2, 2. இப்படியே நியான் வரை: 2, 8. அடுத்து சோடியம்: 2, 8, 1. மெக்னீசியம்: 2, 8, 2. ஆர்கான் வரை: 2, 8, 8. பதினெட்டையும் கையால் எழுதுங்கள். பார்த்துப் படிப்பதும் எழுதுவதும் ஒன்றாகாது.

நான்காம் படி: முதல் 18 கட்டங்கள்

தாளில் கட்டம் போடத் தொடங்கலாம். ஒரே ஒரு விதி: கடைசிக் கூட்டில் ஒரே எண்ணிக்கை எலக்ட்ரான் உள்ளவை ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். புதிய கூடு தொடங்கும்போதெல்லாம் புதிய வரிசை.

ஹைட்ரஜனை இடது ஓரத்தில் வையுங்கள். ஹீலியத்துக்குப் பிறகு கூடு நிரம்பிவிட்டதால் லித்தியம் அடுத்த வரிசையில், ஹைட்ரஜனுக்குக் கீழே. நியானோடு இரண்டாம் வரிசை முடிகிறது. சோடியம் மூன்றாம் வரிசையில், லித்தியத்துக்குக் கீழே. ஆர்கானோடு மூன்றாவது முடிகிறது.

இரண்டு கட்டங்களில் கை தயங்கும். ஹீலியத்துக்கு 2 எலக்ட்ரான், அப்படியானால் பெரிலியத்துக்கு மேலே வைக்க வேண்டாமா? அதன் கூட்டில் மொத்த இடமே இரண்டுதான், நிரம்பிவிட்டது. அதனால் நியானையும் ஆர்கானையும் போலவே அது யாரிடமும் சேராது. ஆகவே ஹீலியத்தை வலது ஓரத்தில் நியானுக்கு மேலே வைக்கிறோம். ஹைட்ரஜன் சோடியத்தின் பத்தியில் இருந்தாலும் உலோகம் இல்லை. அதை அந்தப் பத்தியின் தலையில் தங்கியிருக்கும் விருந்தாளியாக நினைத்துக்கொள்ளுங்கள். விதி எலக்ட்ரான் எண்ணிக்கை, நடுவர் அந்தத் தனிமத்தின் குணம்.

இங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு 1869-க்குப் போவோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் திமித்ரி மெண்டலீவ் இதே அட்டவணையைப் போட்டபோது எலக்ட்ரான் என்ற சொல்லே பிறக்கவில்லை. அவர் கையில் இருந்தது 63 தனிமங்களும் அவற்றின் எடைகளும் குணங்களும் மட்டுமே. எடை வரிசையில் அடுக்கிக்கொண்டு போகும்போது குணம் பொருந்தவில்லை என்றால், இங்கே இன்னும் கண்டுபிடிக்காத ஒன்று இருக்கிறது என்று கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே வர வேண்டியதற்கு 'ஏக அலுமினியம்' என்று பெயர் வைத்தார். ஏக என்பது நமக்குத் தெரிந்த சமஸ்கிருதச் சொல்தான்: ஒரு கட்டம் தள்ளி என்ற பொருளில் எடுத்துக்கொண்டார். 1875-இல் பிரான்சில் லெகோக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று வெளியிட்டார். 5.9-ஐ ஒட்டி இருக்க வேண்டும், மறுபடி அளந்து பாருங்கள் என்று மெண்டலீவிடமிருந்து சேதி போனது. சுத்தப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது. அந்த உலோகத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவர், கையில் வைத்திருந்தவரைத் திருத்தினார். (காலியம் 30 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகும். சென்னையின் சித்திரை வெயிலில் மேசை மேலேயே திரவமாகக் கிடக்கும்.) ஸ்காண்டியம் 1879-இலும் ஜெர்மானியம் 1886-இலும் அவர் விட்ட மற்ற கட்டங்களில் வந்து உட்கார்ந்தன.

ஒரு இடம் மட்டும் அவருக்குக் கணக்கில் இடித்தது. டெலூரியம் அயோடினைவிடக் கனம்: 127.6-க்கு 126.9. எடைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும், குணப்படி பின்னால். குணத்தை நம்பி டெலூரியத்தை முன்னால் வைத்தார். அவர் செய்தது சரி என்பதற்கு 1913-இல் ஹென்றி மோஸ்லி காரணம் சொன்னார். தனிமங்கள் விடும் எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது எடை இல்லை, கருவின் மின்சுமை என்று காட்டினார். டெலூரியம் 52, அயோடின் 53. இன்று நாம் அணு எண் என்று இரண்டு சொல்லில் கடந்துபோவதற்கு அடித்தளம் போட்டவர் அவர். 1915-இல் கலிப்போலிப் போரில் 27 வயதில் இறந்துபோனார். ஒவ்வொரு முறை இதைச் சொல்லிக்கொடுக்கும்போதும் எனக்கு மனசு கனக்கும்.

ஹீலியத்தின் கதையில் நம் பக்கத்து மண்ணும் இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18-இல் நடந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பிரெஞ்சு வானியலாளர் ழான்சன் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்தார். அந்தக் கிரகணத்தில் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் மஞ்சள் என்றே முதலில் கொள்ளத் தோன்றும், அடுப்பில் பார்த்தோமே அதே மஞ்சள். ஆனால் அது சற்றுத் தள்ளி, 587.6 நானோமீட்டரில் இருந்தது. அது சோடியமாக இருக்க முடியாது என்பதை இங்கிலாந்தில் லாக்யர் உறுதிசெய்தார். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் ஆயிற்று. பூமியில் அதை ராம்சே கண்டெடுத்தது 1895-இல். இரண்டு நானோமீட்டர்கூட இல்லாத வித்தியாசத்தில் ஒரு தனிமமே ஒளிந்திருந்தது.

ஐந்தாம் படி: பொட்டாசியத்தில் வரும் சிக்கல்

பென்சிலை எடுங்கள். 19-ஆவது பொட்டாசியம். மூன்றாம் கூட்டின் கொள்ளளவு 18, ஆர்கானில் அதில் 8 பேர்தான் இருக்கிறார்கள். இன்னும் 10 இடம் காலி. அப்படியானால் பொட்டாசியம் 2, 8, 9 ஆக இருக்க வேண்டும். ஆனால் புத்தகம் 2, 8, 8, 1 என்கிறது. ஏன்? பெரும்பாலான பாடநூல்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடும். அட்டவணையின் வடிவத்துக்கான சாவி இங்கேதான் இருக்கிறது, ஆகவே நாம் நின்று பார்ப்போம்.

கூடு என்பது ஒரே அறை இல்லை. அதற்குள் துணைக்கூடுகள் உண்டு: எஸ், பி, டி, எஃப். எஸ்-இல் 2 பேர், பி-இல் 6, டி-இல் 10, எஃப்-இல் 14. முதல் கூட்டில் எஸ் மட்டும். இரண்டாவதில் எஸ், பி: 2 + 6 = 8. மூன்றாவதில் எஸ், பி, டி: 2 + 6 + 10 = 18. நான்காவதில் நான்கும்: 32. கொள்ளளவுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

எலக்ட்ரான் ஆற்றல் குறைந்த இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். ஆர்கானில் 3பி நிரம்பிய பிறகு, அடுத்த எலக்ட்ரானுக்கு 3டி-யைவிட 4எஸ் ஆற்றலில் தாழ்வாக இருக்கிறது. ஆகவே பொட்டாசியமும் கால்சியமும் 4எஸ்-ஐ நிரப்புகின்றன. அப்புறம்தான் 21-ஆவது ஸ்காண்டியத்தில் 3டி தொடங்கி, 30-ஆவது துத்தநாகத்தில் முடிகிறது. நிரம்பும் வரிசையை ஒருமுறை தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: 1எஸ்; 2எஸ், 2பி; 3எஸ், 3பி; 4எஸ், 3டி, 4பி; 5எஸ், 4டி, 5பி; 6எஸ், 4எஃப், 5டி, 6பி; 7எஸ், 5எஃப், 6டி, 7பி.

அரைப்புள்ளி போட்ட இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு அரைப்புள்ளியும் அட்டவணையில் ஒரு வரிசையின் முடிவு. கூட்டிப் பார்த்தால் வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. இவற்றை எல்லாம் கூட்டினால் 118. இன்றைய அட்டவணையின் கடைசித் தனிமம் ஓகனேசனின் எண்ணும் 118. அந்தப் பிள்ளை இந்தக் கூட்டலைப் போட்டு முடித்ததும் சுவரில் மாட்டியிருந்த அட்டவணையை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது வடிவம் விளங்கிவிடும். இடப்பக்கம் உயர்ந்து நிற்கும் 2 பத்திகள் எஸ். வலப்பக்கத்து 6 பத்திகள் பி. நடுவே தாழ்ந்திருக்கும் 10 பத்திகள் டி, இடைநிலைத் தனிமங்கள். கீழே தனியாக வெட்டி வைத்த இரண்டு வரிசைகள் எஃப்: லாந்தனைடுகளும் ஆக்டினைடுகளும். அவற்றை இடையில் செருகினால் தாள் போதாது என்பதால்தான் கீழே வைத்திருக்கிறார்கள். உங்கள் தாளில் நான்காம் வரிசை தொடங்கும்போது, கால்சியத்துக்கும் காலியத்துக்கும் நடுவே 10 கட்டங்களுக்கு இடம் விட வேண்டும். முதலில் போட்ட 8 பத்திகளை அழித்து விரித்து வரைய வேண்டிவரும். அழித்து வரையுங்கள், அந்தச் சிரமத்தில்தான் வடிவம் மனதில் ஏறும்.

இரண்டு விதிவிலக்குகளை மட்டும் நினைவில் வையுங்கள். குரோமியமும் செம்பும் 4எஸ்-இலிருந்து ஒருவரை 3டி-க்கு அனுப்பிவிடும். டி பாதி நிரம்பியோ முழுதும் நிரம்பியோ இருப்பது அவற்றுக்கு வசதி. இன்னொன்று: இரும்பு அயனியாகும்போது முதலில் வெளியேறுவது கடைசியாக நிரம்பிய 3டி இல்லை, வெளியே இருக்கும் 4எஸ். இரும்பு 2, 8, 14, 2. இரண்டு போனால் 2, 8, 14. மூன்று போனால் 2, 8, 13. தேர்வில் இதில் மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர்.

எஃப் வரிசைக்கு நம் ஊர்ச் சான்று கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கிறது. அந்த மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் லாந்தனம், சீரியம் முதலான லாந்தனைடுகள் ஒரே கூட்டமாகக் கிடக்கின்றன, கூடவே ஆக்டினைடான தோரியமும். லாந்தனைடுகளில் ஒவ்வொரு புதிய எலக்ட்ரானும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் 4எஃப்-இல் போய் உட்காருகிறது, வெளித்தோற்றம் மாறுவதில்லை. அதனால்தான் பூமி அவற்றைப் பிரிக்கவில்லை, மனிதர்கள் பிரிப்பதும் பெரும்பாடு.

ஆறாம் படி: எண்ணைக் கொண்டு முகவரி கண்டுபிடித்தல்

மனப்பாடம் மிகக் குறைவு என்றேன். அந்தக் கொஞ்சம் இதுதான்: வலது ஓரத்து மந்த வாயுக்களின் எண்கள் 2, 10, 18, 36, 54, 86, 118. இவை ஒவ்வொரு வரிசையின் கடைசி மைல்கல். இந்த ஏழு எண்கள் தெரிந்தால் எந்தத் தனிமத்தையும் அதன் கட்டத்தில் வைக்கலாம்.

புரோமின் 35. மைல்கல் 36-க்கு ஒன்று குறைவு, ஆகவே நான்காம் வரிசை, 17-ஆம் தொகுதி (இடமிருந்து 17-ஆம் பத்தி). செம்பு 29: 18-ஐக் கழித்தால் 11, நான்காம் வரிசை, 11-ஆம் தொகுதி. வெள்ளி 47: 36-ஐக் கழித்தால் மறுபடி 11. தங்கம் 79: இங்கே எஃப் நடுவில் புகுந்திருப்பதால் முன்னிருந்து எண்ணாதீர்கள், பின்னாலிருந்து வாருங்கள். 86-க்கு 7 குறைவு, 18-இல் 7 போனால் 11. செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் ஒரே பத்தி! மூன்றுக்கும் டி நிரம்பி, வெளியே எஸ்-இல் ஒற்றை எலக்ட்ரான். மூன்றும் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும், மூன்றையும் மெல்லிய கம்பியாக இழுக்கலாம், மூன்றும் எளிதில் அரிக்காது. அரசர்கள் காசு அடிக்க இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் இந்தப் பத்தி இருக்கிறது.

குறியீடுகள் பெயரோடு பொருந்தாத இடங்களில் பழைய பெயரைத் தேடுங்கள். சோடியத்துக்கு நாட்ரியம் (Na), பொட்டாசியத்துக்குக் காலியம் (K; மேலே சொன்ன காலியம் வேறு, உச்சரிப்பில் மட்டும் தமிழில் ஒன்றாகத் தெரிகிறது), இரும்புக்கு ஃபெர்ரம் (Fe), தங்கத்துக்கு ஆரம் (Au).

ஏழாம் படி: அட்டவணையை வாசித்தல்

வரைந்த பிறகு வாசிக்க வேண்டும். இரண்டே கேள்விகள் போதும்: கடைசி எலக்ட்ரான் கருவிலிருந்து எவ்வளவு தூரம்? கரு அதை எவ்வளவு பலமாக இழுக்கிறது?

ஒரு பத்தியில் மேலிருந்து கீழே இறங்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கூடு கூடுகிறது. அணு பெருக்கும், கடைசி எலக்ட்ரான் மேல் கருவின் பிடி தளரும். லித்தியம் தண்ணீரில் நிதானமாக வினைபுரியும், சோடியம் சீறிக்கொண்டு ஓடும், பொட்டாசியம் ஊதா நிறச் சுடரோடு எரியும். ஒரு வரிசையில் இடமிருந்து வலம் போனால் அதே கூடுதான், ஆனால் கருவில் ஒவ்வொரு புரோட்டானாகக் கூடுகிறது. இழுப்பு பலமாகி அணு சுருங்கும். சோடியத்தின் ஆரம் சுமார் 186 பிக்கோமீட்டர், அதே வரிசையில் குளோரினுக்கு 99 தான். எலக்ட்ரான் கூடக் கூட அணு பெரிதாகும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

கூடுகள் உண்மையில் இருக்கின்றனவா என்ற சந்தேகம் யாருக்காவது மிச்சமிருந்தால் மெக்னீசியத்தைப் பாருங்கள். ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அலகு) அணுக்களிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 738 கிலோஜூல் வேண்டும். இரண்டாவதற்கு 1,451. மூன்றாவதற்கு 7,733! இரண்டு பேர் வெளியே திண்ணையில் இருந்தார்கள், அவர்களை எழுப்பிவிடலாம். மூன்றாவது ஆள் கதவைத் தாழிட்டு உள்ளே இருக்கிறார். 2, 8, 2 என்று நாம் பென்சிலில் எழுதியதை இயற்கை இந்த எண்களில் எழுதியிருக்கிறது.

இனி ஒரு தனிமத்தை நீங்களே எடுத்து முழுதாக வாசித்துப் பாருங்கள். ஒன்றை நான் செய்து காட்டுகிறேன்: அணு எண் 38, ஸ்ட்ரான்சியம். முந்தைய மைல்கல் 36, இரண்டு தள்ளி. ஐந்தாம் வரிசை, 2-ஆம் தொகுதி. எலக்ட்ரான்கள் 2, 8, 18, 8, 2. கடைசிக் கூட்டில் இரண்டு, ஆகவே இணைதிறன் (பிற அணுக்களோடு சேரும் திறன்) 2, உலோகம். குளோரினோடு சேர்ந்தால் ஒரு ஸ்ட்ரான்சியத்துக்கு இரண்டு குளோரின். நேர் மேலே இருப்பது கால்சியம், அதைவிட இது பெரிய அணு, எலக்ட்ரானை இன்னும் எளிதாக விடும். சுடரில் சிவப்பாக எரியும். மத்தாப்பின் சிவப்பு இதனுடையது.

கால்சியத்துக்கு நேர் கீழே என்பதை மறுபடி பாருங்கள். உடம்பில் கால்சியம் எங்கே போகிறது? எலும்புக்கு. வெளி எலக்ட்ரான்கள் ஒரே மாதிரி இருப்பதால் ஸ்ட்ரான்சியமும் ஏறக்குறைய அதே வழியில் எலும்புக்குள் போய்ச் சேரும். சாதாரண ஸ்ட்ரான்சியம் சிறு அளவில் தொல்லை தராது. அணுகுண்டுச் சோதனைகளில் உண்டாகும் ஸ்ட்ரான்சியம்-90 கதிரியக்கம் உடையது, பாதி சிதைய ஏறக்குறைய 29 ஆண்டு ஆகும். 1950-களில் காற்றில் கலந்த அது புல்லில் விழுந்து, மாட்டுப் பால் வழியாகக் குழந்தைகளின் எலும்புக்கும் பல்லுக்கும் போனது. விழுந்த பால் பற்களைச் சேகரித்து அளந்தே அமெரிக்க விஞ்ஞானிகள் அதை உறுதிசெய்தார்கள்.